என் பேரில் திறந்த கேட்

ஏழு வருடம் எங்கள் உப்புக் கம்பெனியில் யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அவருக்கு முன்னால் நான் உள்ளே போயாக வேண்டியிருந்தது. நான் லீவில் இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஆபீஸ் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு அறை, கேட்டுப் பக்கம் எடைமேடை. கம்ப்யூட்டர் படித்தவள் என்று அங்கே நான் ஒருத்திதான். காலி லாரி உள்ளே வந்தால் ஒரு எடை, உப்பு ஏற்றியதும் மறு எடை, பிறகு பாஸ் அச்சாகும். பாஸைக் காட்டினால்தான் கேட் திறக்கும். இதற்கான அப்ளிகேஷனை டேட்டாபேஸுக்குள்ளேயே நான் எழுதி வைத்திருந்தேன். யார் யார் உள்ளே வரலாம், அவரவர் பாஸ்வேர்டு என்ன என்பதும் அந்த டேட்டாபேஸிலேயே இருந்தது.

பாஸ்வேர்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எடைமேடை அறைச் சுவரில் சாக்பீஸால் அதைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். உப்பளத்தில் எதுவும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. குடை, தண்ணீர் கேன், சைக்கிள், ரப்பர் செருப்பு, எல்லாம் அந்த நேரத்துக்கு யார் கையில் அகப்படுகிறதோ அவருடையது. லாகினும் அப்படித்தான். எடைமேடைக்காரர் டீ குடிக்கப் போனால் டிரைவரே உட்கார்ந்து தன் லாரிக்குத் தானே எடை போட்டுக்கொண்டு போன காலமும் உண்டு.

சென்னைத் தலைமை ஆபீஸுக்கு இது தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டார்கள். இனிமேல் ஆளுக்கு ஒரு ஐடி, அவரவர் பாஸ்வேர்டு அவரவருக்கு மட்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனியில் வேலை செய்யும் அத்தனை பேரின் பதிவும் சென்னையில் ஒரே இடத்தில் இருக்கிறது, அதற்குப் பெயர் டைரக்டரி, இனி எங்கள் அப்ளிகேஷனும் அதைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடவேண்டும் என்றார்கள். வீட்டில் சொன்னபோது என் கணவர், "டெலிபோன் டைரக்டரியா? அது இன்னுமா இருக்குது?" என்றார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். டேட்டாபேஸிலிருந்தே டைரக்டரியைப் போய்க் கேட்கும்படி நானே புரோகிராம் எழுதினேன். ஆனால் அந்த டைரக்டரி, முன்பின் தெரியாதவர் கேட்டால் வாயைத் திறக்காது. முதலில் அதற்குத் தெரிந்த ஒரு ஐடியில் எங்கள் டேட்டாபேஸ் உள்ளே போகவேண்டும். போய், இந்தப் பெயரில் ஒருத்தர் வந்திருக்கிறார், உங்கள் பதிவில் இருக்கிறாரா என்று தேடவேண்டும். இருந்தால்தான் அவர் அடித்த பாஸ்வேர்டு சரியா என்று பார்க்க முடியும். ஆக, ஒவ்வொரு தடவையும் முதலில் உள்ளே போய்க் கேட்பதற்கென்று ஒரு ஐடி வேண்டும். அது எந்த ஆளுடையதாகவும் இல்லாமல், இந்த வேலைக்கென்றே தனியாக இருப்பதுதான் முறை.

சென்னையில் டைரக்டரியைப் பார்த்துக்கொள்பவரை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை. போனில் குரல் மட்டும்தான். மிகவும் சாதுவான குரல். தனி ஐடி கேட்டேன்.

"அதுக்கு அப்ரூவல் வாங்கணும் மேடம், லேட்டாகும். இப்போதைக்கு உங்க ஐடியவே போட்டு ஓட்டுங்க."

போட்டேன். எங்கள் ஆபீஸில் "இப்போதைக்கு" என்று செய்ததுதான் காலத்துக்கும் நிற்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு புயலின்போது இப்போதைக்கு என்று கூரையில் கட்டிய நீலத் தார்ப்பாய் நைந்து நூலான பிறகும் அங்கேயே படபடத்துக்கொண்டிருந்தது. மேனேஜரே இப்போதைக்கு என்று வந்தவர்தான்.

அன்றிலிருந்து எடைமேடைக்காரர் காலையில் தன் பெயரை அடித்தால், அவருக்கு முன்னால் என் பெயர் சென்னைக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டியது. முதல் சில வாரம் அது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. டைரக்டரியில் ஒருவரின் பாஸ்வேர்டு மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. மாற்றியாக வேண்டும். நான் அங்கே மாற்றினால் அதே கையோடு டேட்டாபேஸிலும் மாற்றவேண்டும். மறந்தால் என் பழைய பாஸ்வேர்டோடு டேட்டாபேஸ் போய் நிற்கும், டைரக்டரி துரத்திவிடும், ஒருத்தரும் உள்ளே நுழைய முடியாது, பாஸ் அச்சாகாது, கேட் திறக்காது.

கேட் திறக்கவில்லை என்றால் முதலாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. உப்பு கெட்டா போகும், நாளைக்கு விற்கும். டிரைவர் திட்டிவிட்டு லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அன்னக்கூடையில் உப்பைச் சுமந்து லாரியில் கொட்டுகிற பெண்களுக்குத்தான் அன்றைய கூலி போகும். அவர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள், அதுதான் கொடுமை. "பாப்பா, இன்னிக்கி ஓடுமா ஓடாதா?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற அவர்களிடம் டைரக்டரியைப் பற்றி என்ன சொல்வது?

என் மகள் பிறந்தது புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில். பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு நர்ஸ் அந்தப் பக்கம் போனாள், போன் அடித்தது. கணவர் வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து வாயெல்லாம் பல்லாக எடுத்தார். மேனேஜர்.

"குழந்தை பொறந்துடுச்சா? சந்தோஷம், சந்தோஷம். மேடம்கிட்ட கொஞ்சம் குடுங்க. பாஸ்வேர்டு முடிஞ்சிடுச்சாம், வண்டிங்கல்லாம் நிக்குது."

ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி. இன்னொரு கையால் கணவர் பிடித்துக்கொண்டிருந்த போனில் பழைய பாஸ்வேர்டையும் புதிய பாஸ்வேர்டையும் அடித்தேன். பெரிய எழுத்து ஒன்று வேண்டும் என்று ஒருமுறை தள்ளிவிட்டது. எண் ஒன்று வேண்டும் என்று மறுமுறை தள்ளியது. அழுதுவிட்டேன். தையல் வலிக்கிறது என்று நினைத்துக் கணவர் நர்ஸைக் கூப்பிட ஓடினார். பிள்ளையின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே லாரிகள் நகர்ந்த பிறகுதான்.

அதற்குப் பிறகு தனி ஐடி கேட்டு எத்தனை மெயில் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாதுவான குரல், "கண்டிப்பா மேடம், பெண்டிங்ல இருக்குது மேடம்" என்றது. கோபப்பட முடியாத குரல்களை எங்கிருந்துதான் பிடித்து இந்த வேலைக்கு வைக்கிறார்களோ.

என் கணவருக்கு அம்பத்தூரில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவார். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது மூன்று பேரும் சென்னையில் ஒரே வீட்டில் இருப்பது என்று பேசி வைத்திருந்தோம். எனக்கும் அங்கே ஒரு வேலை ஏறக்குறைய கிடைத்திருந்தது. அங்கே ஒரு பள்ளியில் இடம் கேட்டோம், பெற்றோர் இருவரும் வரவேண்டும் என்றார்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பாஸ்வேர்டை முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன், அதனால் நிம்மதியாக இருந்தேன். தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே போனை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன்.

வெளியே வந்து போட்டபோது போன் கையிலேயே துள்ளியது. அத்தனை மிஸ்டு கால்.

நடந்தது இதுதான். காலையில் எடைமேடைக்காரருக்கு அவருடைய பாஸ்வேர்டு மறந்துவிட்டது. அவர் கவலைப்படவில்லை. ஏனென்றால் எல்லாமே மேடம் ஐடியில்தான் ஓடுகிறது என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். அப்படியானால் மேடம் பெயரை அடித்தால் எல்லாம் திறக்கும் என்று நினைத்துவிட்டார். குடையைப் போல, சைக்கிளைப் போல. என் பெயரை அடித்து, பாஸ்வேர்டு இடத்தில் என் மகள் பெயர், பிறகு என் கணவர் பெயர், பிறகு சாமி பெயர் என்று நம்பிக்கையோடு போட்டுப் பார்த்திருக்கிறார். யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறார்கள் என்று டைரக்டரி என் ஐடியைப் பூட்டிவிட்டது. என் ஐடி பூட்டினால் எல்லோருக்கும் பூட்டு. லாரிகள் இ.சி.ஆர். ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. பூட்டைத் திறக்கச் சென்னைக்கு நான்தான் என் போனிலிருந்து பேசவேண்டும். என் போனோ பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் எடைமேடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "உங்க பேரத்தானேம்மா போட்டேன், வேத்தாள் பேரா போட்டேன்?" என்றார்.

அந்தப் பூட்டு விழுந்த நாளில்தான் மேனேஜருக்கு என் மதிப்பு தெரிந்தது. அந்த வாரமே ராஜினாமா என்று போய் நின்றேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, சீசன்ல யாராவது போவாங்களா? உப்பு வாருறவங்க கூட மழ வர்ற வரைக்கும் போக மாட்டாங்க. மழ வரட்டும், ராஜா மாதிரி அனுப்பி வெக்கிறேன்."

மழை ஐப்பசியில் வந்தது. பாத்திகளில் தண்ணீர் நின்றது, வேலை நின்றது. அதற்குள் பள்ளி திறந்து பாதி வருடம் ஓடிவிட்டது, இடம் போய்விட்டது, சென்னை வேலையும் போய்விட்டது. மகள் மரக்காணத்திலேயே ஒன்றாம் வகுப்பு படித்தாள். கணவர் சனிக்கிழமை வந்தால் பேசுவது குறைந்தது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நீ அந்த கேட்டயே கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இந்த ஜூன்ல பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். எங்க அக்கா பாத்துக்கும். நீ எப்ப வர முடியுமோ வா."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால்தான் பயம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் என்ன என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் தோன்றும். போனால் கம்பெனி என்னைக் கணக்கிலிருந்து எடுக்கும், அடுத்த நிமிடம் என் ஐடி சாகும், ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்கள் வந்து நிற்பார்கள். நினைத்துப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடப்பேன்.

அந்த மாதம் சென்னைக் குரலிடம் முதல் முறையாகக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரத்தில் தனி ஐடி வந்துவிட்டது! அதை டேட்டாபேஸில் போட்டுச் சோதித்தேன். எடைமேடைக்காரர் உள்ளே போனார். என் பெயர் எங்கும் ஓடவில்லை. ஆபீஸ் முழுக்க மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தேன். ராஜினாமா எழுதி அனுப்பினேன்.

அடுத்த நாள் குரல் தானாகவே கூப்பிட்டது.

"மேடம், ஒரு சின்ன விஷயம். தனி ஐடிக்குப் பொறுப்புன்னு ஒரு ஸ்டாஃப் பேரு வேணும். அவங்க வேலைய விட்டுப் போனா அந்த ஐடியும் தானா நின்னுடும்."

"யார் பேரு போட்டிருக்கீங்க?"

"உங்க பேருதான் மேடம். அங்க வேற யார எனக்குத் தெரியும்?"

போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒரு கதவிலிருந்து தப்பி அதே வீட்டின் இன்னொரு அறைக்குள் போயிருக்கிறேன்.

மேனேஜரிடம் போனேன். "என் பேரா? என்னய எப்ப வேணாலும் வேற ஊருக்கு மாத்துவாங்கம்மா" என்றார். எடைமேடைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. உங்க கதியத்தான் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேனே." அதற்கு மேல் அவரை எப்படிக் கேட்பது?

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் என்றேனே, அடித்துக்கொண்டிருந்தவள் எக்கியார்குப்பத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், இரண்டு பிள்ளைகள். பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. பேருக்கு ஐடி உண்டு, ஆனால் காண்டிராக்ட். மழை பிடித்தால் அவளை நிற்கச் சொல்லிவிடுவார்கள். பாத்தி காய்ந்து மறுபடி உப்பு விளையத் தொடங்கும்போது கூப்பிடுவார்கள். இடையில் இறால் உரிக்கப் போவாள். ஒவ்வொரு வருடமும் முதல் மேகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கவலைக்கு நடுவில் அதைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

அவள் கதவருகில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என் பேரப் போடுங்கக்கா."

காண்டிராக்ட் ஆள் பெயர் போட முடியாது, நிரந்தர ஸ்டாஃப்தான் வேண்டும் என்றது சென்னை. மேனேஜரிடம் சொன்னேன். "அதெப்படிம்மா, அந்தப் பொண்ணப் போயி பர்மனென்ட் பண்றதா?" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பொறுமை வந்ததோ தெரியவில்லை. "பண்ணாட்டி நான் போற அன்னிக்கி கேட் நிக்கும் சார். அவ்ளோதான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாக எடைமேடையைப் பார்த்தார். ஏழு வருடம் நான் பார்த்த மாதிரியே பார்த்தார். பத்து நாளில் அவளுக்கு ஆர்டர் வந்துவிட்டது.

கடைசி நாள் அவளை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். இது இப்போதைக்கு மாதிரிதான் தெரியும், ஆனால் விடாது, எங்கே போனாலும் போன் அடிக்கும், நீயாகப் போக நினைத்தாலும் போக முடியாது, இப்போதுகூட வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன். நான் தப்பிப்பதற்கு இவளைப் பிடித்துப் போடுகிறேனே என்றுதான் இருந்தது.

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"அப்போ மழ வந்தா என்னய நிறுத்த முடியாதுல்லக்கா?"

"முடியாது."

"யாராலயும்?"

"யாராலயும் முடியாது."

அவள் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். தனி ஐடிக்குப் புதிய பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் திரையில் வந்து நின்றது. விரல்களைக் கீபோர்டில் வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள்.

திரும்பிக்கொண்டேன்.